புலியின் முன் நிறுத்துவது யார்?

காட்டில் ஒரு தொழிலாளி புலிக்குப் பலியானால் 'மனித - விலங்கு மோதல்' என்று நாளேடுகள் எழுதுகின்றன. 'காட்டுக்குள் இவர்களுக்கு என்ன வேலை?' என்று நகரத்துக் காட்டுயிர் நேயர்கள் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், அரசிடம் கேட்க வேண்டியது. மரம் வெட்டும் தொழிலாளியைக் காட்டுக்குள் அனுப்புவது அரசே.

மகாராஷ்டிராவின் சந்திரப்பூர், கட்சிரோலி மாவட்டங்களைப் பார்ப்போம். தடோபா - அந்தாரி காப்பகத்தின் எல்லையைப் புலிகள் அறியா. பிரம்மபுரி வனக் கோட்டம் போன்ற வெளிக்காடுகளிலும் அவை வாழ்கின்றன. 2021இல் சத்தீஸ்கரிலிருந்து யானைக் கூட்டமும் கட்சிரோலிக்குள் வந்தது. இந்த மாவட்டங்களின் காடுகளில்தான், 1974இல் அமைக்கப்பட்ட மாநில வன வளர்ச்சிக் கழகம் தேக்கு வளர்த்து, வெட்டி, விற்கிறது. செயல்திட்டம் வகுப்பதும், கூப்பு பிரிப்பதும், வெட்ட வேண்டிய மரத்தில் எண்ணிட்டுச் சுத்தியல் முத்திரை பதிப்பதும் அதிகாரிகள். கோடரியும் வாளும் ஏந்தி உள்ளே போவது பழங்குடிகளும் நிலமற்ற ஏழைகளும்.

அந்த வேலையின் தன்மை என்ன? தேக்கை வெட்டும்போது அடிக்கட்டை உயரமாக நிற்கக் கூடாது. தரையை ஒட்டியே வெட்ட வேண்டும். ஓர் அங்குல மரமும் வீணாகாமல் இருப்பதற்கும், அடிக்கட்டை நன்றாகத் துளிர்ப்பதற்கும் இந்த விதி. இதற்காகத் தொழிலாளி மணிக்கணக்கில் குனிந்தும் குந்தியும் இருக்கிறார். நிமிர்ந்து நிற்கும் மனிதனைக் கண்டால் விலகிப் போகக்கூடிய புலிக்கு, புதர் மறைவில் குனிந்திருப்பவர் இரையாகத் தோன்றுகிறார். இயந்திர வாளின் இரைச்சலில் பின்னால் வரும் கரடியின் ஓசையும் யானை கிளையொடிக்கும் ஓசையும் கேட்பதில்லை. வெட்டிய அளவுக்குத்தான் கூலி என்றால், நின்று சுற்றிலும் பார்க்கும் நேரம் கூலியிழக்கும் நேரம். காவலுக்கு ஓர் ஆளை நிறுத்தினால் அவருக்கும் கூலி தர வேண்டுமே! ஆபத்து காட்டில் இருக்கிறது. அதைச் சாவாக மாற்றுவது கூலிமுறை.

2025 மே மாதம் சந்திரப்பூரின் சிந்தேவாஹி வட்டத்தில் பீடி இலை பறிக்கச் சென்ற மூன்று பெண்களை ஒரே நாளில் புலி கொன்றது. அவர்களும் குனிந்து வேலை செய்பவர்களே. அவர்கள் பறித்த இலைக்கும் சந்தை காத்திருந்தது.

செத்தால் கிடைப்பது 'கருணைத் தொகை'. 2023 இறுதியில் ஒன்றிய அரசு அதனை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. யாருடைய கருணை? தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இலேயே வந்தது. அதன் அட்டவணையில் மரம் வெட்டும் தொழிலும் இருந்தது. வேலையிடத்தில் நேரும் மரணத்துக்கு இழப்பீடு உரிமை, கருணையல்ல. அந்த உரிமையைக் கோர வேண்டுமானால் வேலையளித்தவர் யார் என்று நிறுவ வேண்டும். கழகம் ஒப்பந்ததாரரைக் கைகாட்டும். ஒப்பந்ததாரர் மேஸ்திரியைக் கைகாட்டுவார். மேஸ்திரியிடம் வருகைப் பதிவேடே இராது. இந்நிலையில், 20 தொழிலாளர் இருந்தாலே பொருந்திய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் வரம்பை, எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அவையில் 2020இல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் 50 ஆக்கிவிட்டது. சிறு குழுக்களாகக் கூப்புக்குப் போகிறவர்கள் சட்டத்தின் கண்ணிலிருந்தே மறைந்தார்கள்.

புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கான தேக்கு நாக்பூரிலிருந்து வந்தது. அயோத்தி கோயில் கதவுகளுக்குச் சந்திரப்பூர்த் தேக்கு 2023இல் விழா எடுத்து அனுப்பப்பட்டது. மரத்துக்கு மாலை, வெட்டியவருக்குப் பதிவேட்டில் பெயரும் இல்லை. விழுந்த சுள்ளியைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடர்களாக்கிய ரைன் மாநிலச் சட்டத்தை இளம் மார்க்ஸ் 1842இல் சாடினார். மனிதனைவிட மரத்துக்கு மதிப்புத் தரும் அந்த நீதி இன்னும் மாறவில்லை.

அப்படியானால் புலியை ஒழிப்பதா? இல்லை. புலி தொழிலாளியின் எதிரியன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தந்தது. கட்சிரோலியின் மேந்தா-லேகா 2009இல் அந்த உரிமையைப் பெற்று, 2011இல் தன் மூங்கிலைத் தானே விற்றது. எந்தக் கூப்பில் எப்போது புலி நடமாடுகிறது என்பதை ஊர் அறியும். வேலையை நிறுத்தும் அதிகாரம்தான் அதனிடம் இல்லை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை: கிராம சபையின் ஒப்புதலின்றிக் கூப்பு திறக்காதே! விலங்கு நடமாடும் நாளில் முழுக் கூலியுடன் வேலையை நிறுத்து! ஒவ்வொரு குழுவுக்கும் ஊதியத்துடன் காவலரை அமர்த்து! முதன்மை வேலையளிப்பவர் என்ற பொறுப்பை வனத்துறையும் கழகமும் ஏற்கட்டும்! கருணை வேண்டாம், சட்டப்படியான இழப்பீடு வேண்டும்!

கூப்புத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டாமல் இவற்றில் ஒன்றும் கிடைக்காது. காட்டையும் காட்டுயிரையும் காக்கும் போராட்டம், காட்டில் உழைப்பவரின் உயிரைக் காப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.