திருகை முடுக்குவதற்கு முன்

பழைய அம்பாஸிடர் காரின் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர்களை ரீபோர் செய்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் இட்டு, ஹெட்டில் வால்வுகளை மாற்றி, கணிசமான பொருட்செலவில் அதனைப் புதுப்பித்துச் சாலைக்குக் கொண்டுவந்த பின்னரும், ராக்கர் மூடியின் அடியிலிருந்து டிக் டிக் என்று ஓயாமல் ஒரு சப்தம் எழுமாயின், அது வண்டியின் சொந்தக்காரருக்கு உண்டாக்கும் மனக்கிலேசம் சாதாரணமானதன்று. அவர் மெக்கானிக்கிடம் சென்று முறையிடுவதும், மெக்கானிக் மூடியைக் கழற்றித் திருகுகளைச் சிறிது முடுக்கி, சப்தம் அடங்கியதும் வண்டியை அனுப்பிவிடுவதும் நம் பட்டறைகளில் நித்தியம் நடக்கின்ற காரியங்கள். இந்த வழக்கம் எஞ்சினுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது என்பதும், காரணத்தை அறியாமல் சப்தத்தை மட்டும் அடக்குகிறவர் கேட்டை மறைத்து வளர்க்கிறார் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

அம்பாஸிடரில் பல்லாண்டுகள் பொருத்தப்பட்ட 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்துக்குரிய பி-சீரிஸ் வம்சத்தைச் சேர்ந்தது. 1954-ல் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரில் இடம்பெற்ற அது, பின்னர் வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாராகி, நம் நாட்டு டாக்ஸிகளிலும் சர்க்கார் வாகனங்களிலும் ஓயாது உழைத்து, 2014-ல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுபோன பின்பும், அபிமானிகள் பலருடைய வண்டிகளில் இன்னும் ஜீவித்திருக்கிறது. அதன் அமைப்பில் மறைவு ஏதுமில்லை. கேம் ஷாஃப்ட் எஞ்சின் பிளாக்குக்குள் ஒரு பக்கமாகக் கிடக்கிறது; அதிலுள்ள லோப் என்னும் புடைப்புகள் டேப்பட் என்னும் சிறு உருளைகளை மேலே தள்ள, டேப்பட் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையை உயர்த்த, கிணற்றடி ஏற்றத்தைப்போல மறுமுனை தாழ்ந்து வால்வை அழுத்தித் திறக்கிறது. ராக்கரின் நுனிக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் இடையே, உலோகம் சூட்டினால் நீளுவதற்கு இடமாக, இவ்வினத்து எஞ்சின்களில் பொதுவாக 0.015 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர், இடைவெளி விடுவது வழக்கம்.

இந்த அற்ப இடைவெளியின் முக்கியத்துவத்தை உணராதவரே, அதனை நிர்ணயிக்கும் ராக்கர் திருகை மனம்போல் முடுக்குவர். லோப்பின் இருபுறத்திலும் மிக மெதுவாக ஏறியிறங்கும் சரிவு ஒன்றை வடிவமைத்தவர்கள் விட்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட இடைவெளி இருந்தால்தான் வால்வு அந்தச் சரிவின்மீது மிருதுவாகத் திறந்து மிருதுவாக அமரும். இடைவெளி அதிகமானால் ராக்கர் வால்வை வேகத்துடன் தட்டும். நாம் கேட்கும் சப்தம் அதுவே. இடைவெளி அற்றுப்போனாலோ சப்தம் அடங்கிவிடும். ஆனால் வால்வு தன் சீட்டின்மீது முழுவதும் அமராது. எக்ஸாஸ்ட் வால்வு தான் ஏற்ற வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீட்டின் வழியாகவே ஹெட்டுக்கு இறக்கிவைக்கிறது. அந்த வழி அடைபட்டால் வால்வின் விளிம்பு தீய்ந்து, கம்ப்ரஷன் குறைந்து, புதுப்பித்த எஞ்சின் சில காலத்திலேயே மறுபடியும் பிரிக்கவேண்டிய நிலைக்கு வந்துவிடும். திருகை ஏறக்குறைய கால் சுற்று முடுக்கினாலே அந்த 0.015 அங்குலமும் மறைந்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்கும் எவருக்கும் சற்று அச்சம் உண்டாகவேண்டும்.

ஆகையால் முதற்கண் விசாரிக்கவேண்டியது, அது வால்வுச் சப்தந்தானா என்பது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுழலும்போது கேம் ஷாஃப்ட் ஒரு முறையே சுழலுகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடினால், தளர்ந்த ஒரு வால்வு 400 முறையே தட்டும். பழகிய காதுக்கு இந்த அரைவேகத் தாளம் எளிதில் பிடிபடும். எனினும் இது மட்டும் போதிய சான்றாகாது. பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் மோதும் ஒலியும், எரிதல் நிகழும் ஓட்டத்தில் ஓங்கிக் கேட்பதனால், அதே தாளத்தில் வரக்கூடும். ஒவ்வொரு பிளக்கின் வயராகக் கழற்றி எர்த் செய்து பார்த்தால், எரிதல் நின்ற சிலிண்டரில் பிஸ்டனையோ பேரிங்கையோ சார்ந்த ஒலி தணியும். வால்வுச் சப்தமோ மாறுவதில்லை. எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் காஸ்கெட்டில் நுண்ணிய கசிவு இருந்தால் அதுவும் டேப்பட் சப்தம்போலவே கேட்டுப் பலரை மயக்கும். குளிர்ந்த எஞ்சினில் உரத்திருந்து, சூடேறி உலோகம் விரிந்ததும் அது குறைவதே அதன் லட்சணம். கேம் ஷாஃப்டினால் இயங்கும் பெட்ரோல் பம்பு உள்ள வண்டிகளில் அதன் லீவரையும் சந்தேகிக்கவேண்டும். இவ்வளவையும் பார்ப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆயினும் இந்தப் பரீட்சைகளைச் செய்யாமலே ராக்கர் மூடியைக் கழற்றுகிறவர்களே அதிகம்.

வால்வுப் பகுதியே என்று நிச்சயமான பின், எட்டு வால்வுகளில் எது என்று அறியவேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு ராக்கரின் நுனியிலும் ஃபீலர் கேஜின் தகட்டைச் செருகிப் பார்த்தால், குற்றமுள்ள வால்வில் தகடு நுழைந்ததும் சப்தம் மங்கும். பின்னர் எஞ்சினை நிறுத்தி இடைவெளியைச் சரிபார்க்கவேண்டும். வால்வுகளை முன்னிருந்து 1 முதல் 8 வரை எண்ணி, முழுவதும் திறந்திருக்கும் வால்வின் எண்ணோடு கூட்டினால் 9 வருகிற எண்ணுள்ள வால்வைச் சரிசெய்க என்பது இந்த எஞ்சினில் பழகியவர்கள் கைக்கொள்ளும் அழகான விதி. எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதல் வால்வின் டேப்பட் லோப்பின் அடிவட்டத்தில், அதாவது அந்த வால்வு முழுதும் மூடியிருக்கும் நிலையில், இருக்கும் என்பதே அதன் தாத்பரியம்.

இடைவெளி சரியாயிருந்தும் சப்தம் ஓயவில்லையென்றால் அங்கேதான் உண்மையான விசாரணை தொடங்குகிறது. முதற் குற்றவாளி பெரும்பாலும் ராக்கரின் நுனியே. ஆண்டுக்கணக்காக வால்வுத் தண்டில் உரசி உரசி அந்த நுனியில் ஒரு சிறு குழி விழுந்திருக்கும். அகன்ற ஃபீலர் தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் அதன் இரு கரைகளையும் பற்றிக்கொண்டு, 0.015 என்று நம்மை நம்பவைக்கும். மெய்யான இடைவெளியோ அதனினும் குழியின் ஆழம் அளவு அதிகமாயிருக்கும். எஞ்சின் முழுவதையும் புதுப்பித்தவர்கள், பார்வைக்கு நன்றாயிருந்தது என்று ராக்கர்களை மட்டும் பழையபடியே பூட்டிவிடுவதால், புதிய வால்வின்மேல் பழைய குழி வந்து உட்காருகிறது. டயல் கேஜை வைத்து ராக்கரை அசைத்து அளந்தால் இந்த மயக்கம் தீரும். நுனியைக் கிரைண்டிங் செய்து சமனாக்கலாம், அல்லது ராக்கரையே மாற்றலாம். திருகினால் தீர்க்க இயலாது. ராக்கர் ஷாஃப்டும் அவ்வாறே. ராக்கர்கள் அழுத்தும் அடிப்புறத்தில் அது படியாகத் தேய்ந்திருக்கும். மேற்புறத்தைத் தடவிப் பார்த்து நன்றாயிருக்கிறது என்பவர் ஏமாறுவார். ஷாஃப்டுக்கு எண்ணெய் வரும் சிறு துவாரம் கசடால் அடைபட்டிருந்தாலும், ஷாஃப்டைத் தலைகீழாகப் பூட்டியிருந்தாலும் ராக்கர்கள் உலர்ந்து ஓசையிடும். மூடியைக் கழற்றி வைத்து ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு ராக்கரிலும் எண்ணெய் கசிகிறதா என்று கண்ணால் பார்ப்பதைவிட எளிய சோதனை இல்லை.

இவற்றினும் விபரீதமானது கேம் ஷாஃப்டின் தேய்மானம். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். டேப்பட்டின் அடிமுகம் தட்டையாகத் தோன்றினும் நுண்ணிய குவிவு உடையது. லோப்பும் சிறிது சாய்ந்து இழைக்கப்பட்டது. இவ்விரண்டின் விளைவாக டேப்பட் தன் குழியில் மெல்லச் சுழன்றுகொண்டே உழைக்கிறது, தேய்மானம் முகம் முழுவதிலும் பரவுகிறது. சுழற்சி நின்றுவிட்டால் ஒரே கோட்டில் உராய்ந்து, டேப்பட்டின் முகம் குழிந்து, லோப்பின் முனை கரைந்துபோகும். ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த டேப்பட்டையும் லோப்பையும் பிரித்து, பழைய டேப்பட்டைப் புதிய கேம் ஷாஃப்டோடு சேர்ப்பது இக்கேட்டை வலிய அழைப்பதாகும். பழைய கேம் ஷாஃப்டையே வைத்துக்கொள்வதானால் எந்த டேப்பட் எந்தக் குழியில் இருந்ததோ அங்கேயே அது திரும்பவேண்டும். பிரித்த டேப்பட்டுகளை ஒரே டப்பாவில் போட்டு மண்ணெண்ணெயில் அலசுகிற வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிப்பதற்குக் காரணம் இதுவே.

புதிய கேம் ஷாஃப்ட் இட்ட எஞ்சின் முதன்முதல் உயிர்பெற்றதும், அதனை ஐட்லிங்கில் விட்டுவிடாமல், சுமார் 2000 சுற்று வேகத்தில் 20 நிமிஷ அளவு ஓட்டவேண்டும். அவ்வேகத்தில்தான் கிராங்க் ஷாஃப்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் லோப்புகளைப் போதிய அளவு நனைக்கிறது. எண்ணெயின் தன்மையும் இங்கே முக்கியம். இத்தகைய டேப்பட்டுகளைக் காப்பது எண்ணெயில் கலந்துள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது என்பதால், 2004-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். என்னும் எண்ணெய்த் தரம் மெல்லிய ரக எண்ணெய்களில் அதனை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. நவீன காருக்கென்று விற்கும் விலையுயர்ந்த மெல்லிய எண்ணெயை அம்பாஸிடருக்கு ஊற்றுவது அதற்கு உபசாரமாகாது. கட்டியான 20W-50 ரகமே அதற்கு உகந்தது.

லோப் தேய்ந்திருக்கிறதா என்று அறிய எஞ்சினைப் பிரிக்கவேண்டியதில்லை. புஷ் ராடின் மேல்முனையில் டயல் கேஜை நிறுத்திக் கிராங்க் ஷாஃப்டைக் கையால் சுழற்றி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயருகிறது என்று குறித்துக்கொண்டால், இன்லெட்டுகள் தம்முள்ளும் எக்ஸாஸ்டுகள் தம்முள்ளும் ஒத்திருக்கவேண்டும்; ஒன்று குறைந்தால் அந்த லோப் தேய்ந்தது. மேலும், மானிஃபோல்டை எடுத்தால் பிளாக்கின் பக்கத்திலுள்ள மூடிகளைக் கழற்றி, புஷ் ராடை உருவி, டேப்பட்டை வெளியே எடுத்து அதன் முகத்தைப் பார்த்துவிடலாம். இத்தனை சௌகரியம் பின்னாளைய எஞ்சின்கள் பலவற்றில் இல்லை.

ஹெட் வேலையினாலும் சப்தம் வரும். வால்வுக் கைடின் மையமும் சீட்டின் மையமும் ஒன்றாக அமையாவிட்டால், வால்வு ஒருபுறமாக மோதி நழுவி அமரும். அந்தச் சப்தத்தை எந்த இடைவெளியும் போக்காது. ஹைட்ராலிக் டேப்பட் உள்ள நவீன எஞ்சின்களின் கதை வேறு. அங்கே காற்றோ அழுக்கோ உட்புகுந்திருப்பதையும் எண்ணெய் அழுத்தத்தையுமே முதலில் பார்க்கவேண்டும்.

இத்தனை எளிய பரீட்சைகள் இருந்தும் அவை ஏன் செய்யப்படுவதில்லை என்ற கேள்விக்கு, மெக்கானிக்கின் அறியாமை என்று விடை கூறுவது அநியாயம். நம் ஊர்களில் ரீபோர் ஒரு லேத் பட்டறையிலும், ஹெட் வேலை இன்னொரு பட்டறையிலும் நடக்க, உதிரிப் பாகங்களோ கடைவீதியிலிருந்தும், சென்னையானால் புதுப்பேட்டையின் பழைய சாமான்களிலிருந்தும் வந்து சேர, கடைசியில் பூட்டுகிறவர் ஒருவர் மட்டுமே சப்தத்துக்குப் பொறுப்பாளியாகிறார். அவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குச் செலவிடும் நேரத்துக்குச் சொந்தக்காரர் கூலி தருவதில்லை. மாற்றிய பாகத்துக்கும், பிரித்துப் பூட்டிய வேலைக்குமே தருகிறார். கூலியில்லாத விசாரணையை எவர்தான் விரும்பிச் செய்வார்? இரண்டு நிமிஷத்தில் திருகை முடுக்கிச் சப்தத்தை அடக்குகிறவரைக் கெட்டிக்காரர் என்றும், இரண்டு நாள் வண்டியை நிறுத்திவைத்து அளந்து பார்க்கிறவரை மந்தமானவர் என்றும் மதிப்பிடுகிற நாமே அந்தத் திருகை முடுக்கச் சொல்கிறவர்கள்.

இதற்கு நான் கூறும் பரிகாரம் பெரிதொன்றுமில்லை. எஞ்சின் வேலைக்குப் பேசும்போதே, சப்தம் முதலிய குறைகளை அளந்து கண்டறிவதற்கென்று தனிக் கூலி பேசிக் கொடுக்கவேண்டும். அதற்கு ஈடாக, கேம் ஷாஃப்டின் எட்டு லோப்புகள் உயர்த்தும் அளவு, ராக்கர் ஷாஃப்டின் அடிப்புறத் தேய்மானம், வால்வுக்கும் கைடுக்கும் உள்ள தளர்ச்சி, மாற்றிய டேப்பட்டுகள் எவை, திரும்பப் பூட்டியவை எவை என்னும் விவரங்களைப் பட்டறைக்காரர் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும். லேத் பட்டறையும் தன் பங்குக்கு அவ்வாறே தரவேண்டும். வண்டியை ஒப்படைக்கும்போது, சரியான இடைவெளியோடு ஓடும் இந்த எஞ்சினில் எட்டு வால்வுகளின் மெல்லிய, சீரான ஒலி எப்போதும் கேட்கும் என்பதையும், அது குறையன்று என்பதையும் சொந்தக்காரரை மூடியருகே அழைத்துக் கேட்கச் செய்து விளக்கவேண்டும்; அதன்பின் எந்நாளாவது அந்தச் சீர் மாறி ஒன்று மட்டும் ஓங்கிக் கேட்டால், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்கு வரலாம்.