செட்டிங்கைப் பூட்டி வைக்கும் சேர்மாருக்கு



ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து ஆசிரிய உறவுகளே, கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறோம். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

தவணைப் பரீட்சை நெருங்கினால் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பது என்ன? "சேர், நீங்க பேப்பர் அடிக்கிற அந்த செட்டிங்கைக் கொஞ்சம் தர முடியுமா?" என்று தோட்டப் பாடசாலை ரீச்சர் ஒருவர் கேட்பார். பதில் வராது. வந்தால் பீடீஎஃப் வரும். அதில் ஒரு கேள்வியைக்கூட மாற்ற முடியாது. கடைசியில் அவர் பஸ் ஏறி டவுனுக்கு வந்து, கொமினிகேஷன் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று சொந்தக் காசு கொடுத்து அடிப்பிப்பார். அடிக்கும் தம்பிக்கு விஞ்ஞானம் தெரியாது. 'ஒளித்தொகுப்பு' அங்கே 'ஒலித்தொகுப்பு' ஆகிவிடும். அந்தத் தாளில்தான் பிள்ளைகள் சோதனை எழுதுகிறார்கள்.

அப்படி என்ன பெரிய இரகசியம் இது? பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கொம்பியூட்டர் உள்ளே வைத்திருப்பது எம், கே, செமிகோலன், கே, எச். மேலே பாமினி என்ற சட்டையைப் போட்டிருப்பதால் நமக்குத் தமிழாகத் தெரிகிறது. உள்ளே இருப்பது ஆங்கிலம் என்று நினைத்து வேர்ட் வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். 'தமிழ்' என்று தொடங்கினால் 'துமிழ்' என்று நிற்கும். அதை நிறுத்த ஒரு டிக்கை எடுத்தால் போதும். பிறகு வினாத்தாளுக்கு ஒரு டெம்ப்ளேட், கணித அடையாளங்களுக்கு இரண்டு மூன்று குறுக்கு விசைகள். செட்டிங் என்று நாம் பொத்திப் பொத்தி வைப்பது இவ்வளவுதான். தெரிந்தவருக்குப் பத்து நிமிடம், தெரியாதவருக்குப் பத்து வருடம்.

"நான் கஷ்டப்பட்டுச் செய்தது, ஏன் சும்மா கொடுக்க வேண்டும்?" என்கிறார்கள். சரி, உங்களுக்கு யார் கொடுத்தது? எ-கலப்பையை முகுந்தும் தமிழா குழுவினரும் இலவசமாகத் தந்தார்கள். என்எச்எம் ரைட்டர் சென்னையிலிருந்து இலவசமாக வந்தது. பாமினியை யுனிகோடுக்கு மாற்ற நாம் ஓடிப்போய்த் திறக்கும் பொங்குதமிழ் மாற்றியைச் செய்தவர் சுரதா யாழ்வாணன். அவர் நம்மிடம் ஒரு ரூபாய் கேட்டாரா? எல்லாவற்றையும் சும்மா வாங்கிக்கொண்டு, அதன் மேல் நாம் போட்ட நாலு டிக்குக்கு மட்டும் பூட்டா?

வெளிநாட்டிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. 1970களில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்தில் ஆளாளுக்குத் தங்கள் எடிட்டரை இஷ்டப்படி மாற்றி வைத்திருந்தார்கள். ஒருவருடைய இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து வேலை செய்ய முடியாத நிலை. கை ஸ்டீல் என்பவர் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கத் தொடங்க, 1976 இல் அது ஈமேக்ஸ் ஆனது. ரிச்சர்ட் ஸ்டோல்மன் அதைப் பிறருக்குக் கொடுத்தபோது கேட்டது பணம் அல்ல. நீங்கள் செய்யும் திருத்தங்களைத் திருப்பித் தாருங்கள் என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை.

ஒரு குறையை மட்டும் நாங்கள் ஒத்துக்கொள்கிறோம். கொடுத்தவரின் பெயரை அழித்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுச் சுற்றவிடுகிறவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். எங்களுக்கும் அது நடந்தது. எங்கள் டெம்ப்ளேட் மூன்று மாதத்தில் வேறொருவர் பெயரோடு எங்களிடமே திரும்பி வந்தது! வயிறு எரிந்தது உண்மை. ஆனால் அந்தக் கோபத்தைக் களவெடுத்தவரிடம் காட்டாமல், ஒன்றுமறியாத தோட்டத்து ரீச்சரிடம் காட்டுவது என்ன நியாயம்?

இன்னொன்று, பாமினியிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு ஃபோன். அதையும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளை தொடும். தொட்டுத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை, ஏனென்றால் அந்த ஃபோனில் பாமினி இல்லை. யுனிகோடில் அனுப்பியிருந்தால் வாசித்திருக்கும். "எங்கள் விரல் பாமினிக்குப் பழகிவிட்டது" என்பதும் சாட்டு. என்எச்எம் ரைட்டரில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்தால் பழைய விரல் பழக்கத்திலேயே அடிக்கலாம், விழுவது யுனிகோட்.

நம் முஸ்லிம் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அரபு எழுத்தில் தமிழின் 'ங', 'ப', 'ள' எல்லாம் கிடையாது. நம் மூதாதையர் இருக்கும் எழுத்துக்குப் புள்ளியும் கோடும் கூட்டி அர்வி என்ற அரபுத்தமிழை உண்டாக்கினார்கள். காயல்பட்டினத்தில் எழுதியதை இங்கேயும் ஓதினார்கள். யாராவது 'இந்தப் புள்ளி என்னுடையது' என்று மறைத்திருந்தால் அது கடல் தாண்டி வந்திருக்குமா? ஸதகதுல் ஜாரியா பற்றி ஜும்ஆவில் தலையாட்டிவிட்டு, திங்கட்கிழமை பென்ட்ரைவுக்குப் பாஸ்வேர்ட் போடுகிறோம்.

எங்களிடம் இருப்பதை ஒரு கோப்புறையில் போட்டுவிட்டோம். யுனிகோடில் வினாத்தாள் டெம்ப்ளேட், தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் அடையாளப் பட்டியல், வேர்ட்டில் எந்த டிக்கை எடுப்பது என்று அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு. பீடீஎஃப் இல்லை, திறந்து மாற்றக்கூடிய கோப்புகள். கேட்டு எழுதுங்கள், அனுப்புகிறோம். நெட் கிடைக்காத தோட்டமென்றால் டவுனுக்கு வரும்போது பென்ட்ரைவைக் கொண்டு வாருங்கள். முதல் பக்கத்தின் அடியில் செய்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன, அதை அழிக்காமல் உங்கள் பெயரையும் கீழே சேருங்கள். பிழை கண்டால் திருத்தி எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வரலாற்றுப் பாடத்துக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை, யாராவது தொடங்குங்கள்.