சேமித்த படம் ஏன் திறக்கவில்லை?

கட்டற்ற மென்பொருளான கிம்ப்பில் முதன்முதலாகப் படம் திருத்துவோர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “சேமித்தேன், கைப்பேசியில் திறக்கவில்லையே, ஏன்?” வழக்கமாகக் கிடைக்கும் விடையும் ஒன்றே: “சேவ் வேண்டாம், எக்ஸ்போர்ட் கொடு.” விடை சரியானதுதான். ஆயினும் கேட்டவர் ஒரு பொத்தானின் பெயரை அறிந்தாரேயன்றி, நடந்தது இன்னதென்று அறியவில்லை. மாட்டுப்பட்டி போன்ற ஊர்களில் இது சிறிய குறையன்று.

மூணாற்றை அடுத்த இம்மலைப்பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் தலைமுறைகளாக உழைத்து வருகின்றனர். கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், அது வளர்ந்து 2017இல் உருவான கைட் நிறுவனமும் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின்மீது நிறுத்தின. ஆகவே லயத்தில் வளரும் பிள்ளையும் உரிமக் கட்டணமோ திருட்டு நகலோ இன்றிக் கிம்ப்பைப் பயில முடிகிறது. இடுக்கியிலும் பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும் பயிலும் தமிழ்வழி மாணவர்க்கு இது பெரும்பேறு. ஆனால் மென்பொருள் வந்து சேர்ந்த அளவுக்கு அதற்கான விளக்கம் தமிழில் வந்து சேரவில்லை.

முதற்கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். 2012இல் வெளிவந்த 2.8ஆம் பதிப்பிலிருந்து கிம்ப் சேமிப்பதையும் படமாக வெளியெடுப்பதையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. சேமித்தால் எக்ஸ்.சி.எஃப். கோப்பு கிடைக்கும். படத்தின்மேல் வைத்த எழுத்து, ஒட்டிய துண்டு, பின்னணி ஆகிய அடுக்குகள் யாவும் அதில் தனித்தனியே நிற்கும். நாளை எதையும் மாற்றலாம். வெளியெடுத்தால் ஜேபெக் போன்ற படக்கோப்பு கிடைக்கும். அதில் அடுக்குகள் ஒன்றாகிவிடும். இடத்தைச் சுருக்குவதற்காக நுண்விவரங்கள் சிலவும் கழிக்கப்படும். தோட்டத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்ல அயலூர் உவமை வேண்டியதில்லை. முன்னது கொழுந்து, பின்னது தூள். தூளைக் கொண்டு மீண்டும் கொழுந்து செய்ய இயலாது.

பல தமிழ் இடைமுகங்கள் இச்செயலை ‘ஏற்றுமதி’ என்று குறிக்கின்றன. தேயிலை விளையும் ஊரில் அச்சொல்லைக் கேட்டவுடன் பெட்டியும் லாரியும் கொச்சித் துறைமுகமும் நினைவுக்கு வருமே தவிர, படம் வராது. ‘படமாக வெளியெடு’ என்றால் போதும். கலைச்சொல்லாக்கத்தில் அகராதிக்குக் காட்டும் மரியாதையைக் கேட்பவரின் காதுக்கும் காட்டலாம்.

இவ்வேறுபாட்டின் முழுப்பொருள் ஒரு பழைய நிழற்படத்தைத் திருத்தும்போதுதான் விளங்கும். தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டன் பாட்டியின் நினைவாக எஞ்சியிருப்பது மங்கிப்போன ஒற்றைப் படமே. அதன் கீறலை மறைக்க கிம்ப்பில் குளோன், ஹீல் என இரு கருவிகள் உள்ளன. இரண்டும் படத்தின் ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் பூசுபவை. இரண்டாவது, சுற்றியுள்ள நிறத்தோடும் ஒளியோடும் இசையுமாறு பூசும். வானத்தில் விழுந்த கீறலுக்கு இது மிகப் பொருத்தம். கண்ணோ வாயோ கிழிந்திருந்தால் நிலைமை வேறு. அங்கே பூசப்படுவது பாட்டியின் முகமன்று, கன்னத்துத் தோலைக் கொண்டு கட்டிய ஊகம். ஜேபெக்காக மட்டும் வெளியெடுத்து மூலக்கோப்பின்மேலேயே எழுதிவிட்டால், எது பாட்டி, எது பூச்சு என்று பேரனுக்குத் தெரியாமற்போகும். திருத்தத்தைத் தனி அடுக்கில் செய்து எக்ஸ்.சி.எஃப். கோப்பாகவும் சேமித்திருந்தால், அவ்வடுக்கை மறைத்த கணமே உண்மைப் படம் வெளிப்படும்.

ஏனைய தொடக்கக் கேள்விகளும் இத்தகையனவே. தூரிகை வரைய மறுத்தால், படத்தில் எங்கோ ஒரு தெரிவு கலைக்கப்படாமல் இருக்கக்கூடும். அல்லது வேறோர் அடுக்கு தேர்வாகியிருக்கும். பின்னணியை அழித்தபின் வெண்மையே தோன்றினால், அந்த அடுக்கில் ஆல்ஃபா தடம் சேர்க்கப்படவில்லை என்று பொருள். பெரிதாக்கினால் படம் மங்குவதற்கு மென்பொருள் காரணமன்று. மூன்று அங்குல அகலமுள்ள படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடினால் அகலத்தில் 1800 படப்புள்ளிகள் கிடைக்கும். அதே படம் வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பப்பட்டால் சுருங்கியே வந்து சேரும். இல்லாத புள்ளியை எக்கருவியும் மீட்டுத் தராது. மீட்டதாகக் காட்டுவன யாவும் ஊகங்களே.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் சரிந்த மண் எழுபது உயிர்களை லயங்களோடு கொண்டுபோயிற்று. சுவரில் மாட்டிய படங்களுக்கு அத்தகைய மலையில் என்ன காப்பு உண்டு? கணினிப் பாடத்தின் முதல் பயிற்சிக்குப் பூவும் வண்ணத்துப்பூச்சியும் எதற்கு? வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாம். பள்ளியில் வருடியெடுத்த மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் கைவைக்கப் பழக்கலாம். மூலத்தின் இன்னொரு படி மலைக்குக் கீழே, போடியிலோ தேனியிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும்.