பிலோமியின் மன்னிப்பு: ஓர் எதிர்வினை

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) நாவலைப் பெண்ணியக் கோட்பாட்டால், அதாவது சொத்தும் உழைப்பும் விருப்பமும் யார் வசம் உள்ளன என்று வினவும் வாசிப்பு முறையால் அணுகி, தன்னை மணக்காமற்போன காதலன் சாமிதாஸை நாயகி பிலோமி வெறுக்காமலிருப்பதை ஆணாதிக்கத்துக்குப் பணிதல் என்று முடிவுகட்டும் வாதம் ஏற்கத்தக்கதன்று. நாட்டுப் படகுகளான வல்லங்களை விசைப்படகுகளான லாஞ்சுகள் நெருக்கும் மணப்பாட்டுக் கரையில், வல்லத்தை வைத்திருப்பதும் விற்பதும் தந்தை குரூஸ் மிக்கேலின் முடிவாகவே இருக்க, பிலோமிக்கு உரியது அவளது மனம் ஒன்றே. தோழி ரஞ்சியுடனான உறவிலும், தாயின் மறைவுக்குப்பின் ஆசிரியரான வாத்தியிடம் கொள்ளும் நட்பிலும், ஊராரின் ஒப்புதலை எதிர்பாராமல் அவள் அந்த மனத்தைத் தானே ஆள்கிறாள். விருப்பம் யார் வசம் என்னும் கேள்விக்கு நாவல் தரும் விடை இதுவே. சொத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு விருப்பத்தைக் கேளாமல் விட்டவர்கள், கோட்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பிலோமியைக் குற்றம் சாட்டுகிறார்கள்.