கடைவாசல் களவும் கணக்குப் புத்தகக் களவும்

"அந்தக் காலத்துக் கடைகளில் சரக்கு வெளியிலேயே கிடக்கும், எவனும் தொடமாட்டான். இன்றோ கண்மூடித் திறப்பதற்குள் காணாமற் போகிறது." இவ்வாறு தொடங்கும் நினைவுரைகளை நாம் சலிக்குமளவு கேட்டிருக்கிறோம். பள்ளிப் பரிசளிப்பு விழாவில் கேட்கிறோம். கோவில் திருவிழா மேடையில் கேட்கிறோம். மாணாக்கர் எழுதும் கட்டுரைகளிலும் அதே வாக்கியம் மை மாறாமல் வருகிறது. மறுப்பார் எவரும் இலர். மறுக்கப்பட வேண்டிய கூற்று அது என்பதே என் துணிபு. அதன் முற்பாதி உண்மைக்குப் புறம்பானது. பிற்பாதி நம் தோட்டத்துப் பிள்ளைகளின் தலையில் ஏற்றப்படும் பழி.

கோலசிலாங்கூர் மாவட்டத்து அசாம் ஜாவா ஒரு சிற்றூர். அம்மலாய்ச் சொல்லுக்குப் புளி என்பது பொருள். சாலையோரத்தில் கடைகள், அவற்றைச் சூழ்ந்து தோட்டங்கள் என்பதே நான் சிறுவனாய் இருந்த அறுபதுகளில் அவ்வூரின் தோற்றம். புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகியவை அண்டை ஊர்கள். இம்மாவட்டத்துத் தெனாமாரம் தோட்டத்திலேதான் 1917ஆம் ஆண்டில் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். அவரே பின்னர் மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் கோன்கூர் பரிசும் பெற்றார். துரையின் மனவோட்டத்தை உலகம் படித்தது. அவருடைய கூலிகள் கடையில் வைத்திருந்த பற்றைப் படித்தவர் யார்?

அக்கடைகளை நான் மறக்கவில்லை. வாசலில் வெங்காய மூட்டை வாய் பிளந்து நிற்கும். தேங்காய்க் குவியல், கருவாட்டுக் கூடை, மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஆகியவை தரையில். வாழைத்தார், தகர வாளி, துடைப்பம், மண்வெட்டி ஆகியவை உத்திரத்தில். வலைப்பையில் இரப்பர்ப் பந்துகள் தொங்கும். அவற்றை எடுத்துத் தருவதற்குக் கடைக்காரரிடம் கொக்கி வைத்த நீண்ட கோல் ஒன்று இருக்கும். இரவானதும் எண்ணிட்ட பலகைகளை வரிசைப்படி செருகிக் கடையை அடைப்பார்.

களவே அறியாத காலம் என்கிறீர்களே, அப்படியாயின் பந்துகளை ஏன் கோலுக்கு மட்டுமே எட்டும் உயரத்தில் தொங்கவிட்டார்கள்? வாளிகளின் காதுகளின் வழியே ஏன் சங்கிலி கோத்தார்கள்? மூட்டையருகே முக்காலியிட்டு ஒரு பையனை ஏன் உட்கார வைத்தார்கள்? பொருள்கள் தாமே சாட்சி சொல்கின்றன. அன்றும் எடுத்தார்கள். பசித்தவன் எடுத்தான், ஆசைப்பட்ட சிறுவனும் எடுத்தான். கடைக்காரருக்கு அது தெரியும். தெரிந்தே சரக்கை வெளியில் வைத்தார்; உள்ளே இடமில்லை, வெளியே வைத்தாலன்றி விற்பனையுமில்லை.

(வெளியே என்று நாம் சொல்லும் அந்த இடம் யாருடையது என்பதும் கேட்கத்தக்கதே. கடைவீட்டின் முன்னே மக்கள் நடப்பதற்குக் கூரையிட்ட தொடர்வழி இருக்க வேண்டும் என்று 1822ஆம் ஆண்டின் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் ராஃபிள்ஸ் விதித்தார். அந்த ஐந்தடி வழியில் கடைக்காரர்கள் சரக்கை அடுக்கினார்கள். அதை அப்புறப்படுத்த நகராட்சி முனைந்தபோது 1888இல் சிங்கப்பூரில் கலகமே மூண்டது. நடப்பவரின் வழியை எடுத்துக்கொண்டதற்கு மட்டும் நம் நினைவுரைகளில் களவு என்று பெயரில்லை!)

அன்று களவு குறைவாயிருந்தது என்றே கொள்வோம். அதற்குக் காரணம் என்ன? கடைக்காரருக்கு ஒவ்வொரு லயத்தையும் தெரியும். ஒவ்வொரு பிள்ளையின் முகமும் அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பேரன் என்பதும் தெரியும். அத்தோடு ஒவ்வொரு குடும்பத்தின் பற்றும் அவருடைய பெட்டியடியில் இருந்தது. 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு நோட்டுப் புத்தகத்தில் அரிசி, பருப்பு, மீன்டின், பால்டின் என வரிவரியாக எழுதப்படும். பையன் பந்தை எடுத்தான் என்று தெரிந்தால் மறுநாள் தாய்க்கு அரிசி கிடைக்காது. சம்பளநாள் இருபது நாள் தொலைவில் இருக்கும்போது அந்த அச்சம் எத்துணைப் பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் கிடந்த சரக்கைக் காத்தது கடன். அதற்கு அறம் என்று பெயர் சூட்டிவிட்டோம்.

அந்த 555 புத்தகத்தைச் சற்றே புரட்டுவோம். எழுதுபவர் கடைக்காரர், கைந்நாட்டு வைப்பவர் பால்வெட்டுப் பெண். நிறுப்பது டச்சிங் என்னும் தூக்குக்கோல். ஒரு கட்டி என்பது பதினாறு தாயில், ஏறக்குறைய 605 கிராம். கோலின் கயிற்றை விரலால் சிறிதே அழுத்தினால் ஒரு தாயில் மறைந்துவிடும். அதைக் காண அந்தப் பெண்ணுக்கு நேரமுமில்லை, எழுத்துமில்லை. 1972ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டம் வந்து மெட்ரிக் முறை பரவியபின், பழைய கட்டிக்கும் புதிய கிலோவுக்கும் இடையிலே எத்தனை காசுகள் நழுவி விழுந்தன என்பதைக் கணக்கிட்டவர் இலர். கூலியை இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாகாது என 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் கூறிற்று. நல்ல சட்டமே. ஆனால், கடன்பட்டவனுக்கு வேறு எந்தக் கடை கதவு திறக்கும்?

எல்லாக் கடைக்காரரும் இப்படியென்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று கூலி குறைந்தபோது, பற்றை நிறுத்தாமல் அரிசி அளந்தவர்களும் அவர்களே. அவர்களுக்கும் மொத்த வியாபாரியிடம் தவணை இருந்தது. கடனை அடைக்காமல் இரவோடிரவாக வேறு தோட்டத்துக்குப் போன குடும்பங்களும் இருந்தன. நான் மறுப்பது ஒன்றைத்தான்: பத்துக் காசுப் பந்தைக் களவென்று எழுதி, மாதந்தோறும் மறைந்த தாயிலை எழுதாமல் விட்டு, அதற்கு நேர்மைக்காலம் என்று தலைப்பிடுவதை.

தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தை எடுத்துக் காட்டுவார்கள். இந்திரவிழவூரெடுத்த காதையில் வரும் வெள்ளிடை மன்றம் நினைவுக்கு வரும். பெயரும் அளவும் பொறித்த பொதிகள் வெட்டவெளியில் கிடக்கின்றன. வாயிலில்லை, தாழில்லை, உடையவர் காவலுமில்லை. மெய்தான். ஆனால் அடுத்த அடிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டாவா? எடுத்தவன் தலையில் அப்பொதியே கழுத்துக் கடுக்க ஏறிக்கொள்ளும். அவன் சுற்றிச் சுற்றி வருவானேயன்றிக் கொண்டுபோக முடியாது. நினைத்தாலே நடுங்கவைக்கும் மன்றம் என்கிறார் இளங்கோவடிகள். புகாரிலும் காவல் அச்சமே. அதே காப்பியத்தில், களவு செய்த பொற்கொல்லன் குற்றஞ்சாட்டுபவனாகிறான், களவறியாத கோவலன் வெட்டுண்கிறான், அரசன் விசாரிக்கவில்லை. வெள்ளிடை மன்றத்தைப் பாராட்டும் நாம் மதுரைக் கொலைக்களத்தை ஏன் அத்துணை விரைவாகக் கடந்துவிடுகிறோம்?

திருக்குறளிலும் அவ்வாறே. மாணாக்கரைக் கண்டிக்கும்போது கள்ளாமை அதிகாரத்தை ஓதுகிறோம். வள்ளுவர் அதனைத் துறவறவியலில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்று வணிகருக்குச் சொன்னதையோ இல்லறவியலில், நடுவு நிலைமையின் இறுதிக் குறளாக வைத்தார். பின்னதைக் கடைக்காரருக்கு ஓதிய ஆசிரியரை நான் கண்டதில்லை.

கடையில் எடுப்பவரைத் தண்டிப்பதில் உலகம் எப்போதும் ஆள் பார்த்தே வந்துள்ளது. ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளைக் கடையிலிருந்து களவாடினால் தூக்கு என்று 1699இல் இங்கிலாந்து சட்டம் செய்தது. கணவனைக் கடற்படைக்குப் பிடித்துச் சென்றுவிட, கைக்குழந்தையோடு நின்ற மேரி ஜோன்ஸ் என்னும் இளம்பெண் இலண்டன் துணிக்கடையொன்றில் துணியெடுத்தாள் என்று 1771இல் தூக்கிலிடப்பட்டாள். அக்கொடுமையை 1777இல் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தவர் சர் வில்லியம் மெரடித். 1810இல் சர் சாமுவேல் ரொமில்லி அச்சட்டத்தைத் தளர்த்த முயன்றபோது பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. அடுத்துவந்த காலத்தில் பாரிசின் பெருங்கடைகளில் செல்வச் சீமாட்டிகள் பட்டும் சரிகையும் மறைத்து எடுத்தார்கள். அவர்களுக்குத் தூக்கா? இல்லை. மருத்துவர்கள் அதற்கு நோய் என்று பெயர் கண்டுபிடித்தார்கள். எமிலி சோலா 1883இல் எழுதிய பெருங்கடை நாவலில் அத்தகைய சீமாட்டி ஒருத்தியைக் காணலாம். சீமாட்டி எடுத்தால் நோய். தோட்டத்துப் பையன் எடுத்தால் குலப்புத்தி!

இந்தியத் தண்டனைச் சட்டத்தை வரைந்த மெக்காலே, பிறர் மையில் பேனாவைத் தோய்ப்பதும் இலக்கணப்படி களவே என்று குறிப்பெழுதினார். அதனாலேதான் அற்பத் தீங்கைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்னும் விதியையும் சேர்த்தார். அவ்விதி நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்திலும் 95ஆம் பிரிவாக நிற்கிறது. வெள்ளைக்காரச் சட்டத்துக்கு இருந்த அந்தப் பொறுமை நம்மில் பலருக்கு இருந்ததில்லை. வட சிலாங்கூர்த் தோட்டப் பள்ளியொன்றில், பெயர் வேண்டா, பந்தெடுத்த சிறுவனின் கழுத்தில் சிலேட்டுப் பலகையைத் தொங்கவிட்டு, அதில் கள்ளன் என்றெழுதிக் காலைக் கூட்டத்தைச் சுற்றிவரச் செய்தார்கள். வெள்ளிடை மன்றத்தின் வேலையைப் பள்ளியே ஏற்றுக்கொண்டது. அவன் என் வகுப்பு. மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தாயோடு ஒட்டுப்பால் எடுக்கப் போனான் என்றார்கள். அவனுடைய நாற்காலியில் ஆண்டிறுதிவரை எவரும் உட்காரவில்லை.

இன்று அசாம் ஜாவாவில் 2011இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலை வந்து சேர்கிறது. பல தோட்டங்கள் வீடமைப்புகளாகிவிட்டன. கடைகளும் மாறின. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய முறை, வாடிக்கையாளர் தாமே எடுத்துக்கொள்ளும் முறை, இங்கும் நிலைத்துவிட்டது. 1987இல் கிள்ளானில் ஒரு மளிகைக் கடையாகத் தொடங்கிய 99 ஸ்பீட்மார்ட் இன்று நாடெங்கும் கிளைவிட்டிருக்கிறது. கை நீளவேண்டும் என்றே பொருளைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறார்கள். பிள்ளையின் கண்மட்டத்தில் இனிப்பை அடுக்குகிறார்கள். மேலே கண்காணிப்புக் கேமரா. கொக்கிக் கோலோடு எழுந்து வந்து "யார் பேரன் நீ?" என்று கேட்ட மனிதர் அங்கே இல்லை. கேட்பதற்கு மாறாகப் படம் கைப்பேசிகளில் பரவுகிறது. வழக்கில் சிக்கிய சிறாரின் பெயரையும் படத்தையும் வெளியிடலாகாது என்று 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் தடுக்கிறது. அந்தப் படத்தைக் கண்டதும் "நம்ம பிள்ளைகளே இப்படித்தான்" என்று ஒருவரி சேர்த்து அனுப்புவோரில் ஆசிரியரும் உளர். சிலேட்டுப் பலகை அன்று ஒரு பள்ளித் திடலைத்தான் சுற்றியது.

ஆசிரியப் பெருமக்களை நான் கேட்பது இது: "அக்காலக் கடைகளின் நேர்மை" என்னும் கட்டுரைத் தலைப்பை இனிக் கொடாதீர்கள். மாணாக்கரைத் தத்தம் பாட்டியரிடம் அனுப்புங்கள். பழைய தகரப் பெட்டிகளில் 555 புத்தகங்கள் சில இன்னும் கிடக்கக்கூடும். கரையான் முந்திக்கொள்ளும் முன் ஒரு பக்கத்தையேனும் படியெடுத்து வரச் சொல்லுங்கள். பொருளையும் விலையையும் கரும்பலகையில் எழுதுங்கள். கட்டியைக் கிராமாக மாற்றச் சொல்லுங்கள். சென்ற மாதப் பாக்கி இந்த மாதத் தலைப்பில் எத்தனை காசு கூடி வந்திருக்கிறது என்று கூட்டிப் பார்க்கட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அக்கணக்குத் தெரியும்.