சிறுமலைக்குக் காகிதம் உண்டு

போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு இலக்கியக் கூட்டம். முப்பது பேருக்கு மேல் இராது. சிறுமலையைக் களமாகக் கொண்டு நாவல் எழுதியிருக்கும் ஒரு நண்பர் பேசினார். பெயர் இங்கு அவசியமில்லை. அவர் சொன்னதை அவருக்கு முன்னும் பலர் சொல்லியிருக்கிறார்கள், பின்னும் சொல்வார்கள். "நான் ஒரு காகிதத்தையும் புரட்டவில்லை. ஆவணம் அதிகாரத்தின் குரல். மலை ஜனங்களின் ஞாபகமே எனக்குச் சரித்திரம்" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நான் வங்கியில் குமாஸ்தா. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை என் கவுண்டருக்கு முன்னால் சிறுமலையிலிருந்து ஒரு பெரியவர் வந்து நின்றார். வாழையும் மிளகும் போட்டிருக்கிறார், கடன் வேண்டும்.

"பட்டா இருக்காங்கய்யா?"

"பட்டாவுக்கு எங்கே சார் போறது? எங்க தாத்தா காலத்திலேருந்து அங்கேதான் இருக்கோம்."

"அடங்கல் ஏதாவது?"

சிரித்தார். திருப்பி அனுப்பினேன். அவருடைய ஞாபகத்தை நான் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஞாபகத்துக்கு நகல் எடுத்து விண்ணப்பத்தோடு இணைக்க வழியில்லை. முந்தின நாள் மாலை ஞாபகத்துக்குக் கைதட்டிய அதே கைதான் மறுநாள் காலை அந்த விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தது. இந்தக் கட்டுரை அந்தக் கூச்சத்திலிருந்து எழுதப்படுகிறது.

ஆவணம் அதிகாரத்தின் குரல் என்பது உண்மைதான். உண்மை என்பதாலேயே அதைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும் என்கிறேன். நம் நண்பர்கள் இந்த வாக்கியத்தை வாசலில் மாட்டிவிட்டு உள்ளே போகாமலிருப்பதற்கு ஒரு சாக்காக வைத்திருக்கிறார்கள். விருப்பாச்சி கோபால் நாயக்கரை எடுத்துக்கொள்வோம். 1801-ல் கும்பினியார் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் யார் யாரோடு கூட்டுச் சேர்ந்தார், எந்தப் பாளையங்களுக்குத் தூது போயிற்று என்பதெல்லாம் நமக்கு எங்கிருந்து தெரிய வந்தது? பெரும்பாலும் அவரைத் தூக்கிலிட்டவர்களுடைய கடிதக் கட்டுகளிலிருந்துதான். கே. ராஜய்யன் 1971-ல் தென்னிந்தியக் கிளர்ச்சியைப் பற்றி எழுதிய நூல் அந்தக் கட்டுகளில் உட்கார்ந்து எழுதப்பட்டது. பயந்துபோன அதிகாரம் விரிவாக எழுதும்; விவரம் விவரமாக எழுதும். அந்த விவரத்தினூடே, எழுதியவனுக்குச் சம்மதமில்லாமலே, எதிரி தென்படுகிறான். கிளர்ச்சியை அடக்கியவர்களின் வாசகங்களை எப்படித் திருப்பி வாசிப்பது என்று ரணஜித் குஹா 1983-ல் ஒரு கட்டுரையே எழுதினார். அவர் வாசிக்கச் சொன்னார். நம்மவர்கள் வாசிக்க வேண்டாம் என்பதாகப் புரிந்துகொண்டு வந்து மேடையில் சொல்கிறார்கள்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. அவர்களுக்குச் சரித்திரம் என்றால் பெருமை. சிறுமலை எப்படி வந்தது என்று கேட்டால், அனுமார் தூக்கிப் போன ஸஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். கதை அழகானது, எனக்கு ஆட்சேபமில்லை. அதே சிறுமலையில்தான் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார், வெயிலுக்குத் தப்பி ஓய்வெடுக்க முதலில் இடம் பார்த்தார்கள். மலைக்காய்ச்சல் விரட்டியது. 1845-ல் கோடைக்கானலுக்குப் போய் வீடு கட்டினார்கள். கோடைக்கானல் கோடைக்கானலானதற்கும் சிறுமலை சிறுமலையாகவே நின்றதற்கும் ஒரு கொசு காரணமாயிருந்திருக்கிறது. இதில் ஒரு நாவலுக்கு வேண்டிய விஷயம் இல்லையா? ஸஞ்சீவித் துண்டு என்று பெயரெடுத்த மலையிலேயே காய்ச்சல் என்பதில் உள்ள கசப்பு ஒன்றே போதாதா? காகிதத்தைப் பார்க்காதவருக்கு இந்தக் கசப்பு கிடைக்காது.

காகிதமே இல்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திண்டுக்கல் 1790-ல் கும்பினியார் கைக்கு வந்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு அதை எழுதிக் கொடுத்தார். தென்னாட்டில் கும்பினிக் கலெக்டர் முதன்முதல் உட்கார்ந்த இடங்களில் இது ஒன்று. பின்னால் மதுரை ஜில்லாவுக்குள் போய்விட்டது. 1985-ல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே அட்டவணையில் 'திண்டுக்கல்' என்று தேடுகிறவனுக்கு நடுவிலுள்ள நூற்றாண்டுக்கு மேலான காலம் கிடைக்காது. 'மதுரா' என்ற தலைப்பின்கீழ், அதுவும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டில், தேட வேண்டும். இதை ஒருவரும் சொல்லித் தராததால் தேடியவர் வெறுங்கையோடு திரும்பி, இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறார்.

எங்கே ஆரம்பிப்பது? நெல்சன் 1868-ல் எழுதிய மதுரை நாட்டு மானுவல். பிரான்சிஸ் 1906-ல் எழுதிய மதுரை கெஜட்டியர். பாலிகா 1960-ல் கொண்டுவந்த மதுரை கெஜட்டியர். முதல் இரண்டும் இன்று கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றை வேதமாக நினைப்பதும் தவறு, அப்படியே எடுத்து எழுதி முனைவர் பட்டம் வாங்குவதும் தவறு. இவை கைகாட்டி மரங்கள். இன்ன ஆண்டு இன்ன கலெக்டர் இன்ன அறிக்கை அனுப்பினார் என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். அந்த ஆண்டையும் அந்தத் துறையையும் குறித்துக்கொண்டு எழும்பூருக்குப் போக வேண்டும். 1909-ல் ஆவணங்களுக்கென்று கட்டிய கட்டடம் அங்கே இருக்கிறது. சென்னை ரிக்கார்டு ஆபீஸ் என்றிருந்தது 1973-ல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று பெயர் மாறிற்று. தேதியில்லாமல் போகிறவன் அங்கே தொலைந்து போவான். தேதியோடு போகிறவனுக்கு ஒரு கட்டு கிடைக்கும். அந்தக் கட்டிலிருந்து அடுத்த கட்டின் எண் கிடைக்கும். எந்த அரசாணைக்கும் எண், தேதி, துறை மூன்றும் உண்டு. மூன்றையும் குறிக்காத குறிப்பு வதந்திக்குச் சமம்.

இதெல்லாம் சரித்திரக்காரர்கள் வேலை, இலக்கியத்துக்கு என்ன என்று கேட்கலாம். 1867-ன் இருபத்தைந்தாவது சட்டம் அச்சிட்ட புத்தகம் ஒவ்வொன்றையும் ஸர்க்காரில் பதிவு செய்யச் சொன்னது. புத்தகத்தின் பெயர், அச்சகம், பக்கம், விலை, எத்தனை பிரதி என்று மூன்று மாதத்துக்கொரு பட்டியல் கெஜட்டோடு வெளியாயிற்று. தமிழ் நாவலுக்கு அக்காலத்தில் வாசகர் இருந்தார்களா இல்லையா என்று நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறோம். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் இந்தத் திண்டுக்கல் சீமையில், வத்தலக்குண்டில் பிறந்தவர் என்று பெருமையும் பேசியிருக்கிறோம். எத்தனை பிரதி அச்சாயிற்று என்று அந்தப் பட்டியலில் ஒரு விரலை வைத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டையும் 1911-ல் தடை செய்தார்கள். அவன் பாட்டுகளை 1928-ல் பறிமுதல் செய்தார்கள். சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து வாதாடினார். ரசிகன் மறந்துபோன நாட்களிலும் போலீஸ்காரன் பாரதியை விடாமல் வாசித்திருக்கிறான். தமிழ்ப் பத்திரிகைகளில் என்ன எழுதுகிறார்கள் என்று மொழிபெயர்த்து ரகசிய அறிக்கை தயாரித்திருக்கிறான். அந்த அறிக்கைகளைப் பார்க்காமல் அக்காலத்துப் பத்திரிகை உரைநடையைப் பற்றிப் பேசுவது அரைப் பேச்சு.

வத்தலக்குண்டுக்காரரான செல்லப்பா 1959-ல் 'எழுத்து' ஆரம்பித்து நமக்குக் கற்றுத் தந்தது அலசல். ஒரு கவிதையில் இந்தச் சொல் ஏன் இங்கே விழுந்தது என்று நாள் கணக்கில் மல்லாடுகிறோம். ஒரு பழைய கோப்பின் மேலட்டையில் 'ஆர். டிஸ்.' என்றோ 'டி. டிஸ்.' என்றோ இருப்பதை அலசியிருக்கிறோமா? முதலாவது நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது. இரண்டாவது பத்து வருஷம் கழித்து அழிக்க வேண்டியது. ஒரு மத்தியானம், பசியோ தூக்கமோ வந்த ஒரு குமாஸ்தா, ஒரே எழுத்தில் ஒரு கிராமத்தின் ஞாபகத்தைத் தீர்மானித்துவிட்டான். நானும் குமாஸ்தா என்பதால் அந்த எழுத்தைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நவீன கவிதை இதைவிடச் சிக்கனமாக எதையும் செய்துவிடவில்லை.

இனி அதிகாரிகள். அவர்களை விட்டுவிடுவதாக உத்தேசமில்லை. பழைய ரிக்கார்டு பார்க்க ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்தப் பல்கலைக்கழகம், நெறியாளர் யார் என்று கேட்டார்கள். பி.ஏ. ஆங்கிலம், வங்கி வேலை, சொந்த ஆர்வம் என்றேன். சொந்த ஆர்வம் என்ற சொல் அங்கே திருட்டு என்பதுபோல் ஒலித்தது. பிறகு இன்னொரு அலுவலகத்துக்கு, 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதினேன். சிறுமலைக் குடியிருப்பு ஒன்றில் 1930-க்கு முன் பயிர் செய்தவர்களைப் பற்றி உள்ள பதிவேடுகளைப் பார்வையிட வேண்டும் என்று கேட்டேன். முப்பது நாள் கெடு. இருபத்தொன்பதாம் நாள் பதில்: 'கோப்பு காணக் கிடைக்கவில்லை.' அந்தச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, தகவல் தர மறுப்பதற்குப் பத்துக் காரணங்களை வரிசையாக அடுக்கியிருக்கிறது. காணவில்லை என்பது அதில் ஒன்றாக இல்லை. டில்லி உயர்நீதிமன்றம் 2013-ல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. மேல்முறையீடு செய்தேன். காணாமல் போன கோப்பு கிடைத்தது. அதை நேரில் பார்ப்பதும் குறிப்பெடுப்பதும் சட்டம் தந்த உரிமை; யாருடைய சலுகையும் அல்ல. தமிழ்நாடு 1997-லேயே, இந்தியாவில் முதல் மாநிலமாக, இப்படியொரு சட்டம் போட்டது என்பதை அங்கிருந்தவருக்கு நினைவூட்டினேன். அவர் ஃபேனைப் போட்டார்.

ஏன் 1930? வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன் அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். வனத்தை நம்பி வாழும் மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் எழுபத்தைந்து வருஷம், அதாவது மூன்று தலைமுறை இருந்ததைக் காட்ட வேண்டும். எழுபத்தைந்தைக் கழித்தால் 1930. அந்தச் சட்டத்தின் கீழ் 2008-ல் போட்ட விதிகளில் எதெது சாட்சியம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கெஜட்டியர், ஜனத்தொகைக் கணக்கு, சர்வே செட்டில்மெண்ட் அறிக்கை, வரைபடம் எல்லாம் அதில் உண்டு. மனு கொடுத்தவரல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதிவைத்த வாக்குமூலமும் உண்டு. காகிதமா ஞாபகமா என்று நம் இலக்கியக் கூட்டம் கட்சி கட்டி நிற்க, உணர்ச்சியற்றது என்று நாம் ஏளனம் செய்யும் ஒரு ஸர்க்கார் விதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது.

கிடைத்த பதிவேட்டில் கரையான் தின்றது போக மிஞ்சியது கொஞ்சம். ஒரு பக்கத்தில் 1928-ம் வருஷத்திய ஆக்கிரமிப்பு அபராதப் பட்டியல். 1905-ன் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி போட்டது. பதினொரு பெயர்கள். எதிரே பயிர், அபராதம். குற்றம் சாட்டுவதற்காக எழுதிய காகிதம். இன்னார் இங்கே இருக்கக்கூடாது என்று சொல்ல வந்தவன், இன்னார் இங்கே இருந்தார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதிகாரத்தின் குரல்தான். வேறு யார் குரலில் இது கிடைத்திருக்கும்?

அந்தப் பதினொன்றில் ஒன்று, கவுண்டருக்கு வந்த பெரியவருடைய தாத்தாவின் பெயர். ஆனால் அந்தப் பெயரில் அக்குடியிருப்பில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ளவர் எந்தத் தகப்பனுக்குப் பிள்ளை, எந்த ஓடைக்கு மேற்கே வாழை போட்டவர் என்று சொல்ல, மலையில் எண்பது தாண்டிய இரண்டு பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் காகிதம் ஊமை. காகிதம் இல்லாவிட்டால் அவர்கள் சொல்வதைக் கவுண்டரில் யாரும் கேட்கப் போவதில்லை; நானே கேட்கவில்லை. மனு இப்போது கிராம சபைக்குப் போயிருக்கிறது. முடிவு என்னவாகும் என்று நான் ஆரூடம் சொல்லத் தயாரில்லை.

நண்பருக்கு என் யோசனை எளியது. அடுத்த நாவலுக்கு முன் நான்கு நாள் லீவு போட்டு, இரவு ரயிலேறி எழும்பூரில் இறங்கட்டும். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அது அதிகாரத்தின் குரல் என்று அவர் சொன்னால், அப்போது மனப்பூர்வமாகக் கைதட்டுவேன்.

பட்டியலின் நகலைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். தாத்தா பெயர், வாழை, அபராதம் மூன்று ரூபாய் எட்டணா. கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "கட்டினாரா சார்?" என்று கேட்டார். கட்டியிருக்கிறார் என்றேன். முகம் தெளிந்தது. இந்தக் கேள்வி நண்பருடைய நாவலில் இல்லை. காகிதம் இல்லாத நாவலில் அதற்கு இடமும் இல்லை.