மத்தியானப் பொழுது யாருடையது?

மணவூரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அப்படியே ஆகட்டும். திருவள்ளூர் தாண்டி, திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன் மணவூர். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடியதே, அந்தத் தடத்தில் இருக்கும் ஊர். இந்தச் சகோதரியின் வீட்டுக்காரரும் தினம் காலையில் அந்தத் தடத்தில்தான் மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்குப் போகிறார். திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். மாமியார் சாப்பிட்டுக் கண்ணயர்ந்துவிட்டால், பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டுந்தான்.

அந்த மூன்று மணி நேரத்தை இவர் இரண்டு காரியங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்று குரோஷாப் பின்னல். மற்றொன்று, மாடிப் பால்கனியில் ஆறு தொட்டிகள்.

இப்போது இரண்டிலும் ஒரு சங்கடம் வந்திருக்கிறது. இவர் பின்னிய மேஜை விரிப்பு ஒன்றை உறவினர் வீட்டில் பார்த்த ஒரு கடைக்காரர், அதேபோல் மாதம் 60 வேண்டும் என்கிறாராம். நூல் அவருடையது, ஒன்றுக்கு 50 ரூபாய் கூலி. "சும்மா இருக்கிற நேரந்தானே, செய்யேன்" என்கிறாராம் வீட்டுக்காரர். செய்யலாமா என்பது முதல் கேள்வி. சித்திரை பிறந்தால் தொட்டிச் செடிகள் கருகிப்போகின்றனவே, என்ன செய்வது என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு ஒரு பென்சிலும் காகிதமும் போதும், சகோதரி. ஒரு விரிப்புக்கு ஆறு மணி நேரம் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அறுபதுக்கு 360 மணி. முப்பது நாளில் முடிக்க வேண்டுமானால் தினம் 12 மணி நேரம் ஊசியைக் கீழே வைக்கக் கூடாது. உங்களிடம் இருப்பதோ மூன்று மணி. மற்ற ஒன்பது மணியை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? தூக்கத்திலிருந்தா, குழந்தைகளின் பாடத்திலிருந்தா? கூலியை மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். மணிக்கு எட்டு ரூபாய் சொச்சம். இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். அவர் பொல்லாதவர் என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்குப் போடாதவர், அவ்வளவுதான்.

பின்னல் வேலைக்குக் காசு வாங்குவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. நேர்மாறாக, நம் தமிழ்நாட்டிலேயே அது பெண்களுக்குப் பெரிய விடுதலையைத் தந்திருக்கிறது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. லேஸ் விற்ற பணத்தைக் காசு காசாகச் சேர்த்து, எஜமானனிடம் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. நூலும் ஊசியுமாக உட்கார்ந்து ஒருத்தி தன்னையே விலைக்கு வாங்கிக்கொள்வதென்றால் சாமானியமா? மால்ட் அம்மையாரின் மகள் எலைசாதான் கால்டுவெல் ஐயரை 1844-ல் மணந்து, இடையன்குடிக்கும் அந்தக் கைவேலையைக் கொண்டுபோனவர்.

ஆனால் அதே லேஸுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நர்சாபூர் என்று ஓர் ஊர். அங்கேயும் பாதிரிமார் மூலம் வந்த குரோஷாதான். வீட்டுக்கு வீடு பெண்கள் பின்ன, வியாபாரிகள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மன் அம்மையார் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டு வேலையெல்லாம் முடித்து, அதற்கு மேல் நாளைக்கு ஆறு மணி, எட்டு மணி என்று அந்தப் பெண்கள் பின்னுகிறார்கள், கிடைப்பதோ அற்பம். ஏன் அற்பம்? "இவர்கள் குடும்பப் பெண்கள், பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்" என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பெண்களும் அதையே சொன்னார்கள்! பொழுதுபோக்கு என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்க வாய் வராது பாருங்கள்.

உங்கள் கடைக்காரர் போட்ட விலையும் அந்தப் பெயருக்குப் போட்ட விலைதான். ஆகவே என் அபிப்பிராயம் இது. கை நோகாமல் மாதம் எத்தனை பின்ன முடியுமோ, பத்தோ பன்னிரண்டோ, அதற்கு மேல் ஏற்காதீர்கள். மணிக்கு இவ்வளவு என்று நீங்கள் ஒரு கூலி நிர்ணயித்து, அதை ஆறால் பெருக்கி விலை சொல்லுங்கள். முடியாது என்றால் வந்தனம் சொல்லி அனுப்பிவிடுங்கள். விற்காமலே பின்னினாலும் குற்றமில்லை. 2016 ஜனவரி 31-ந் தேதி சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்' என்ற குழு, ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரே போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை செய்ததே, நினைவிருக்கிறதா? ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர்! சுபஸ்ரீ நடராஜன் என்ற சென்னைப் பெண்மணி கூட்டிய குழு அது. அவர்களில் யாரும் கூலிக்குப் பின்னவில்லை. தங்கள் பொழுதைத் தாங்களே செலவழித்தார்கள்.

'சும்மா இருக்கிற நேரம்' பற்றி இன்னும் ஒரு வார்த்தை. காலை நாலரைக்கு எழுந்து ரயிலுக்கு டப்பா கட்டுகிறவளுக்குப் பகலில் கிடைக்கும் மூன்று மணி சும்மா வந்ததல்ல. சம்பாதித்தது.

பின்னல் பற்றி ஒரு யோசனை. கம்பளி நூலில் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்ன ஆசை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மணவூர்ப் பக்கம் ஸ்வெட்டர் போட மார்கழியில் நாலு விடியற்காலை கிடைத்தால் அதிசயம்! பருத்தி நூலில் கையில்லாத மேல்சட்டையாகப் பின்னுங்கள். பருத்திக்குக் கம்பளியைப் போல இழுத்தால் திரும்பும் குணம் கிடையாது. தளர்த்திப் பின்னினால் விளிம்பு தொங்கிவிடும். ஒரு நம்பர் சின்ன ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நாலங்குலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதைத் துவைத்துக் காயவைத்து, பிறகு கண்ணிகளை எண்ணுங்கள். துவைக்காமல் எண்ணினால் சட்டை குழந்தைக்குப் பதில் பொம்மைக்குத்தான் ஆகும்.

இனித் தொட்டிகள். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து நம் ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. வெயில் மட்டும் இன்னும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது! வடமேற்கேயிருந்து வரும் வறண்ட காற்று கோடையில் உங்கள் பக்கத்தை 40 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடுகிறது. தண்ணீர் போதாமல் செடி வாடுகிறது என்று நினைக்கிறீர்கள். பாதிச் செடிகளுக்கு வேர்தான் வேகிறது. கறுப்புப் பையும் மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியும் மேற்கு வெயிலில் அடுப்பு மாதிரி. மண் தொட்டி வேரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். ஆனால் சீக்கிரம் உலரும். அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர், மண்மேல் இரண்டு அங்குலம் சருகு அல்லது தென்னை நார் மூடாக்கு. மேற்குப் பக்கம் ஒரு பச்சை நிழல்வலை கட்டிவிடுங்கள். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குழாயில் அந்நேரம் வருவது வெந்நீர்.

நார்க்கழிவுக் கட்டியை மண்ணோடு கலப்பதாக இருந்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுக் கலக்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரும் உப்பாக இருந்தால் செடி என்ன செய்யும், பாவம். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் வைத்து ஊற்றுங்கள். மாவுப் பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் துளி சோப்பும் அடித்துக் கலக்கி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தால் போதும்.

தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றைக்கே இறக்கிவிடுங்கள். ஓர் அடி அகலத் தொட்டி, ஈர மண்ணோடு 20 கிலோவுக்குக் குறையாது. கீழே மாமியார் வற்றல் காயப்போடுகிற இடம் வேறு! வீட்டுச் சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள்.

கோடைக்குக் கற்பூரவல்லியும், நிழல் ஓரத்தில் புதினாவும் தாங்கும். கடையில் வாங்கின புதினாவில் இலையைத் துவையலுக்குக் கிள்ளிக்கொண்டு தண்டை ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். முளைக்கீரை விதைத்தால் மாதம் திரும்புவதற்குள் பிடுங்கிவிடலாம். அரைக்கீரையானால் கிள்ளக் கிள்ளத் தழையும். தக்காளியைச் சித்திரை வைகாசியில் ஏன் வைத்தீர்கள்? அந்தச் சூட்டில் பூ பூக்கும், நிற்காமல் உதிரும். உரம் போட்டும் பயனில்லை. ஆடி போய் நாலு மழை விழட்டும். அப்போது நாற்று விட்டுப் பாருங்கள், பிஞ்சு பிடித்ததும் எனக்கு எழுதுங்கள்.